கல்லூத்து வளவின் ஒற்றை நாக்கு

ஸ்ரீமுக வருஷம் மாசி மாதத்தில் ஒரு காலைப்பொழுது, கொல்லிமலை ஆலத்தூர் நாட்டில் இருக்கும் கல்லூத்து வளவு என்ற சிற்றூரில் எல்லார் வாயிலும் ஒரே சமயத்தில் புளித்த திராட்சையின் சுவை வந்தது. மிளகு பறித்துக்கொண்டிருந்தவர்கள் ஏணியில் நின்றபடியே துப்பினார்கள். பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தைகள் காம்பை விட்டுவிட்டு முகம் சுளித்தன. சாகக் கிடந்த ஒரு பெரியவர் நாக்கைச் சப்புக்கொட்டிக் கண் திறந்து, இதென்ன புதுசாக இருக்கிறது என்று கேட்டார். பதில் வருவதற்குள் இறந்துபோனார். யாரும் பதறவில்லை. மேல்சரிவில் திராட்சை போட்டிருந்த வெள்ளைக்காரத் துரையின் கொட்டகைக்கு வேலைக்குப் போன கண்ணாயி எதையோ வாயில் ஊற்றியிருக்கிறாள் என்பது எல்லாருக்கும் விளங்கிவிட்டது.

கண்ணாயியின் நாக்கில் எது பட்டாலும் அதன் சுவை கல்லூத்து வளவில் இருப்பவர் அத்தனை பேர் வாயிலும் வரும். அவள் பிறந்த அன்றே தாய் ஜன்னி கண்டு இறந்துவிட்டதால், ஊரில் பால் இருந்த பெண்கள் எல்லாரும் முறை வைத்து அவளுக்குக் கொடுத்தார்கள். ஒரு பிள்ளைக்கு ஊரே பால் கொடுத்தால் அப்படித்தான் ஆகும் என்று பெண்கள் சொன்னார்கள். பால் கொடுக்காத ஆண்களுக்கு எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஊருக்குத் தெற்கே ஓடும் ஓடை அதற்கு எல்லையாக இருந்தது. ஓடைக்கு இந்தப் பக்கம் நிற்கும்வரை கண்ணாயியின் சுவை வரும், அந்தப் பக்கம் கால் வைத்தால் நின்றுவிடும். கண்ணாயி எங்கே இருக்கிறாள் என்பதைப் பொறுத்து இது மாறவில்லை. சேந்தமங்கலம் சந்தையில் அவள் வெல்லம் கடித்தாலும் ஊருக்குள் இனித்தது. திண்ணனூர் நாட்டில் வாழ்க்கைப்பட்ட பெண்கள் பிறந்த வீட்டுக்கு வரும்போது ஓடையைத் தாண்டியதும் கொஞ்சம் நின்று, வாயை மூடி, இன்றைக்கு என்ன என்று பார்த்துக்கொண்டு நடந்தார்கள்.

இதனால் கண்ணாயிக்கு ஊரில் எந்தக் குறையும் இல்லை; நிம்மதியும் இல்லை. தேன் எடுத்தால் முதல் சொட்டு அவளுக்குத்தான். பாகற்காயை அவள் தொடக்கூடாது. காய்ச்சல் கண்டால் அவளுக்குக் கஷாயம் கொடுக்கலாமா என்று ஊர்க்கூட்டம் போட்டார்கள். ஒளித்து ஒரு நெல்லிக்காய் தின்ன அவளால் முடிந்ததில்லை. மாணிக்கத்துக்கும் அவளுக்கும் கல்யாணமான புதிதில், ஊரில் பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் நடந்தார்கள். மாணிக்கம் வெற்றிலை போடுவதை விட்ட பிறகுதான் ஊர் பழையபடி ஆனது. மறு வருஷம் அவர்களுக்குப் பாப்பாத்தி என்ற பெண் பிறந்தாள்.

துரையின் பெயர் மொரெல். மலையில் மொரலு துரை என்றார்கள். காப்பி போட வந்த வெள்ளைக்காரர்களுக்கு நடுவே அவர் ஒருவர்தான் திராட்சை போட்டார். அவருடைய தேசத்தில் கண்ணுக்கு அகப்படாத ஒரு பூச்சி கொடிகளின் வேரைத் தின்றுகொண்டிருந்தது. தகப்பனும் பாட்டனும் வைத்த தோட்டங்கள் ஒவ்வொன்றாகக் காய்ந்தபோது, இன்னும் சாகாத கொடிகளிலிருந்து குச்சிகளை வெட்டி ஈரப் பாசியில் சுற்றிக் கப்பலேற்றினார். புதுச்சேரியில் இறக்கி, மாட்டு வண்டியில் சேந்தமங்கலம் கொண்டுவந்து, அங்கிருந்து ஆள் தலையில் மலையேற்றினார். அங்கே அழிந்தாலும் இங்கே இருக்கட்டும் என்பது அவர் எண்ணம். எல்லாருக்கும் தெரிந்த பன்னீர்த் திராட்சை, பச்சைத் திராட்சை, பெங்களூர்க் கறுப்பு எல்லாவற்றையும் பக்கத்திலேயே நட்டார். தன் தேசத்திலிருந்து கொண்டுவந்த கரிஞான், பிக்புல், மூர்வேத்ர் வகைகளை மலைக்காரர்கள் கரிநாயன், பிக்குப்பிள்ளை, மூணுவேதம் என்று அழைத்தார்கள். காட்டில் மரமேறிக் கிடந்த காட்டுத் திராட்சையைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. பழம் வந்தது, பிழிந்தார், பீப்பாய்கள் நிறைந்தன. அதற்குள் மலைக்காய்ச்சல் அவரைப் பிடித்துக்கொண்டது. அதற்குக் கொயினா என்ற கசப்பு மருந்தைத் தின்று தின்று அவர் நாக்கு செத்துப்போனது. சர்க்கரையும் சாம்பலும் அவருக்கு ஒன்றாகிவிட்டன. காதுக்குள் எந்நேரமும் ஒரு வண்டு ரீங்கரித்தது. எந்தக் கொடியை வைத்துக்கொள்வது, எதைப் பிடுங்கி எறிவது என்று தெரியாமல் பீப்பாய்களுக்கு நடுவே உட்கார்ந்து அவர் அழுததை மேஸ்திரி சுப்பண்ணன் பார்த்திருக்கிறார்.

சுப்பண்ணன் சேந்தமங்கலத்து விவசாயக் குடும்பத்து ஆள். துரை கேட்டார் என்று எல்லாப் பீப்பாயிலும் ஒரு வாய் குடித்துப் பார்த்து, "எல்லாம் ஒரே காடியாத்தானுங்க இருக்குது" என்று சொல்லிவிட்டார். கண்ணாயியைக் கூட்டிவந்ததும் அவர்தான். "இந்தப் பொம்பள ஒரு வாய் குடிச்சா ஒரு ஊரே நாயம் சொல்லுமுங்க" என்றார். துரை நம்பவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் ஊர்க்கவுண்டர் கருப்பண்ணன் தலைமையில் வளவு முழுவதும் கொட்டகை முன்னால் வந்து நின்று, காலையிலிருந்து வாயில் வந்துபோனதைப் பற்றித் தகராறு செய்தபோது நம்பினார்.

பன்னீர் நன்றாக மணக்கிறது, ஆனால் விழுங்கும் முன்பே ஓடிப்போகிறது என்றார்கள். பச்சை வெறும் புளித்தண்ணீர். பெங்களூர்க் கறுப்பில் மழையில் நனைந்த நாயின் வாசம் அடிக்கிறது என்றாள் ஒரு கிழவி. அதை யாரும் மறுக்கவில்லை. பிக்குப்பிள்ளை எலுமிச்சங்காயைக் கடித்ததுபோல உதட்டைச் சுட்டது. வெயில் காலத்துக்கு அதுதான் ஏற்றது என்று இளவட்டங்கள் வாதாடினார்கள். மூணுவேதத்தில் ரத்தமும் மிளகும் இருந்தன, ஆடு வெட்டிய இடம் ஞாபகத்துக்கு வந்தது என்று பூசாரி சொன்னார். கரிநாயன் முதலில் கசந்தது, அப்புறம் நாவல் பழமாக இருந்தது, கடைசியில் மழை விட்ட பாறையை நக்கியதுபோல் நின்றது. அது போக வெகுநேரம் ஆனது என்பதில் எல்லாருக்கும் ஒரே கருத்து. காட்டுத் திராட்சை ஒயினைக் கண்ணாயி குடித்த அன்று ஊருக்கே தொண்டை அரித்ததால், அந்தப் பீப்பாயை ஓடையில் கவிழ்த்தார்கள். போதை மட்டும் கண்ணாயி ஒருத்திக்குத்தான் ஏறியது. அந்த விஷயத்தில் ஊர் ஏமாந்துபோனது.

இப்படியே பவ வருஷமும் யுவ வருஷமும் போயின. துரை பச்சையையும் பெங்களூர்க் கறுப்பையும் பிடுங்கினார், கரிநாயனைச் சரிவு முழுவதும் பரப்பினார். கண்ணாயிக்குக் கொட்டகையிலேயே நெல்லுச்சோறு போட்டார்கள். சாமைச்சோறு தின்ற ஊர் மத்தியானத்தில் நெல்லுச்சோற்றின் சுவையைக் கண்டது. பிறகு தாது வருஷம் வந்தது.

ஆடியில் மழை இல்லை. ஐப்பசியிலும் இல்லை. சாமை முளைத்த இடத்திலேயே கருகியது, தினையை விதைக்கவே இல்லை. ஊருக்குப் பெயர் கொடுத்த கல் ஊற்று குடிக்க மட்டும் ஊறியது. கீழ்நாட்டிலிருந்து தானிய வண்டி வருவது நின்றது. திண்ணனூர் நாட்டுக்காரர்கள் காட்டுக்குள் இறங்கி ஆள் ஆழம் தோண்டி வள்ளிக்கிழங்கு எடுத்தார்கள். அது தீர்ந்ததும் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு சேந்தமங்கலத்துக்கு நடந்தார்கள். அங்கே சர்க்கார் கஞ்சித்தொட்டி வைத்திருந்தது. மலையில் ஊர் ஊராகக் காலியானது. கல்லூத்து வளவில் மட்டும் யாரும் போகவில்லை, யாரும் தோண்டவில்லை. அவர்களுக்குப் பசி தெரியவில்லை.

அதற்குக் காரணம் கண்ணாயி. துரை கூலியாட்களை நிறுத்திவிட்டாலும் அவள் நாக்கு வேண்டியிருந்ததால் அவளுக்கு மட்டும் மத்தியானச் சோறு நிற்கவில்லை. கருப்பண்ணன் ஒரு நாள் கொட்டகைக்கு ஏறிவந்து, வாசலில் குந்தி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சாமி, கொஞ்சம் மெதுவா மெல்லு. நீ லபக்குனு முழுங்கிப்போட்டா எங்களுக்கு எட்ட மாட்டேங்குது" என்றார். அவள் அன்று முதல் ஒரு கவளத்தை வெகுநேரம் மென்றாள். கருவாட்டுத் துண்டை வாயின் ஒரு பக்கமிருந்து மறு பக்கத்துக்கு மாற்றி மாற்றி ஒதுக்கினாள். கீழே வளவில் சனங்கள் சுவரில் சாய்ந்து, கண்ணை மூடி, தாடையை அசைத்தார்கள். ஏப்பம்கூட விட்டார்கள். தன்னால் முடிந்ததைச் செய்கிறோம் என்று கண்ணாயி சந்தோஷப்பட்டாள். அந்த வறட்சியிலும் ஆழ வேர்விட்டிருந்த கரிநாயன் மட்டும் பங்குனியில் காய்த்தது. பழம் மிளகளவு சிறுத்துக் கறுத்துத் தொங்கியது. பழத்தை ஊருக்குக் கொடுத்துவிடலாம் என்று சுப்பண்ணன் சொல்லிப் பார்த்தார். இதைத் தின்றால் வயிற்றுப்போக்குதான் வரும், விற்றால் அரிசி வாங்கலாம் என்று துரை சொன்னார், பிழிந்தார். அரிசி கொண்டுவர யாரும் மலையேறவில்லை. கண்ணாயி அந்த ரசத்தையும் குடித்துப் பார்த்தாள்.

முதலில் செத்தது ஒரு கைக்குழந்தை. உதட்டைச் சப்பிக்கொண்டே செத்தது. அடுத்துக் கிழவர்கள். முகத்தில் வேதனை எதுவும் இல்லை, விருந்து முடித்துப் படுத்தவர்களைப் போல இருந்தார்கள் என்று புதைத்தவர்கள் சொன்னார்கள். புதைத்தவர்களும் குழி வெட்டுகையில் மயங்கி விழுந்தார்கள். எதனால் மயக்கம் என்று அவர்களுக்கே புரியவில்லை.

கண்ணாயி தினமும் தன் சோற்றில் ஒரு உருண்டையை முந்தானையில் முடிந்து பாப்பாத்திக்குக் கொண்டுவருவாள். ஈசுவர வருஷம் வைகாசியில் ஒரு சாயங்காலம் அதை அவள் பிரித்து நீட்டியபோது, பாப்பாத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வேண்டாம்மா. வவுறு ரொம்பிக் கெடக்குது."

"என்னத்தத் தின்னே கண்ணு?"

"சோறு. கருவாடு. அப்பறம் அந்தத் தெராச்சத் தண்ணி. நீதானம்மா குடுத்தே."

குழந்தையின் விலா எலும்புகளைத் தொட்டு எண்ணிவிடலாம். வயிறு முதுகோடு ஒட்டியிருந்தது. கண்ணாயி உருண்டையை அவள் வாய்க்குள் திணித்தாள். பாப்பாத்தி மெல்லவில்லை, சோறு உதட்டோரமாக வழிந்து கீழே விழுந்தது. அதைப் பொறுக்கி, மண்ணை ஊதி, கண்ணாயி மறுபடி திணித்தாள். மறுபடியும் விழுந்தது. "தின்னு சாமி, தின்னு தங்கம்" என்று அவள் கத்திய சத்தத்துக்கு மாணிக்கம் எழுந்துவந்தான். அவனும் எலும்பாகத்தான் இருந்தான். "ஏன் புள்ளய வருத்தறே, அது தின்னுபோட்டுத்தான் இருக்குது" என்று சொல்லி உட்கார்ந்தான். உட்கார்ந்தவனால் எழ முடியவில்லை. தான் மென்ற ஒவ்வொரு கவளமும் ஊரைப் பசி தெரியாமல் சாகவைத்தது என்று கண்ணாயிக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். ஊரில் வாய்கள் வறண்டன. ஆனால் பட்டினி கிடப்பவளின் வாய்க்கும் ஒரு சுவை உண்டு; பழைய சோற்றின் நினைப்பில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது, அது போதும் என்று ஊர் படுத்துக் கிடந்தது. கருப்பண்ணனிடம் போய் அவள் காலில் விழுந்தாள். எல்லாரையும் கூட்டிக்கொண்டு கீழே போங்க, சேந்தமங்கலத்தில் கஞ்சி ஊற்றுகிறார்கள் என்று கெஞ்சினாள். அவர் பெரிய மனுஷர், அவள் பேச்சைத் தள்ளவில்லை. தடியை ஊன்றிக்கொண்டு ஆண்களில் சிலரைக் கூட்டிப் புறப்பட்டார். ஓடையைத் தாண்டி முதல் அடி வைத்ததும், பல மாதத்துப் பசி மொத்தமும் ஒரே நேரத்தில் அவர்கள் வயிற்றில் இறங்கியது. வெட்டுப்பட்டவர்களைப் போல மடிந்து விழுந்தார்கள். ஒருவர் மண்ணை அள்ளித் தின்றார். தவழ்ந்து இந்தப் பக்கம் வந்ததும் பசி நின்றது.

"அங்கிட்டுப் போக முடியாது கண்ணாயி" என்றார் கருப்பண்ணன். "செத்தாலும் இங்கியே சாவறோம். நீ போயி ரெண்டு வாய் தின்னு. உனக்குப் புண்ணியமாப் போகும்."

மறுநாள் காலை கண்ணாயி கொட்டகைக்குப் போய்த் துரையிடம் கொயினா கேட்டாள். யாருக்குக் காய்ச்சல் என்று சுப்பண்ணன் மூலமாகத் துரை கேட்டார். "ஊருக்கேங்க" என்றாள். எத்தனை வேண்டும் என்றதற்கு, இருக்கிற எல்லாமும் என்றாள். துரை விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். பிறகு வாயைத் திறந்து, மஞ்சள் பூத்த தன் நாக்கை நீட்டிக் காட்டினார். விரலால் அதைத் தட்டினார். காதைத் தொட்டு, வண்டைப் போல ரீங்கரித்துக் காட்டினார். உனக்கும் இப்படித்தான் ஆகும், திரும்ப வராது என்று சொல்கிறார் என்று சுப்பண்ணன் சொல்லத் தேவையிருக்கவில்லை. "ஆவட்டுங்க" என்றாள் கண்ணாயி. துரை தன் தகரப் பெட்டியைத் திறந்தார். மாத்திரை, பொடி, இடிக்காத கொயினா மரப்பட்டை எல்லாவற்றையும் அவள் முந்தானையில் கொட்டினார். பெட்டியைக் கவிழ்த்து அடியிலும் தட்டினார்.

கண்ணாயி ஒரு துண்டுப் பட்டையைக் கடித்து நாக்கின் அடியில் ஒதுக்கிக்கொண்டாள். கல்லூத்து வளவில் படுத்துக் கிடந்தவர்கள் எல்லாரும் எழுந்து உட்கார்ந்தார்கள். அப்படி ஒரு கசப்பு அந்த மலையில் இறங்கியதில்லை. தண்ணீர் குடித்தார்கள், கசந்தது. சாம்பலைத் தேய்த்தார்கள், மூங்கில் சிம்பால் நாக்கை வழித்தார்கள், நாக்கில் ரத்தம் வந்தது; ரத்தமும் கசந்தது. ஒரு துண்டு கரைந்ததும் கண்ணாயி அடுத்த துண்டைக் கடித்தாள். வாந்தி எடுத்தாள், மறுபடி கடித்தாள். நிற்க முடிந்தவர்கள் கொட்டகைக்கு ஏறி வந்தார்கள். சுப்பண்ணன் கதவைச் சாத்தி முட்டுக் கொடுத்தார். அவர்கள் கல்லால் அடித்தார்கள். அவளுக்குப் பால் கொடுத்த பெண்கள் வெளியே நின்று மார்பில் அறைந்துகொண்டு, இதற்கா கொடுத்தோம் என்று கேட்டார்கள்.

"கண்ணாயி, துப்பிப்போடு சாமி!" என்று கருப்பண்ணன் கதவில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். "புள்ளைங்க துடிக்குதுங்க. உன்ர புள்ளையுந்தான் துடிக்குது!"

"ஓடையத் தாண்டுங்க" என்றாள் கண்ணாயி உள்ளேயிருந்து. வாய் நிறையப் பட்டையோடு பேசியதால் அது அவர்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை. மறுபடியும் மறுபடியும் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் அழுகை வசவாக மாறியது. அந்த வசவுகளைத் திருப்பிச் சொல்ல ஊரில் இன்றுவரை யாரும் ஒப்பவில்லை.

முதலில் ஓடையைத் தாண்டியது குழந்தைகள்தான். அந்தப் பக்கம் போனால் கசப்பு நிற்கிறது என்று அவர்கள் கண்டுபிடித்தார்கள். பசி அடித்து விழுந்தார்கள், ஆனால் திரும்பி வர அவர்களால் முடியவில்லை. கசப்பைவிடப் பசி தேவலை என்று இருந்தது. பிள்ளைகளின் கதறலைக் கேட்டுத் தாய்மார் தாண்டினார்கள். பிறகு எல்லாரும். அக்கரையில் மடிந்து கிடந்து, இலையையும் மரப்பட்டையையும் கடித்துக்கொண்டு, கடைசியில் வேறு வழியில்லாமல் எழுந்து கீழ்நாட்டுப் பக்கம் நடந்தார்கள். கண்ணாயி கொட்டகையின் பின்வாசலுக்கு வந்து சரிவிலிருந்து பார்த்தாள். மாணிக்கம் பாப்பாத்தியை முதுகில் சுமந்துகொண்டு நின்று நின்று போனான். ஓடையைத் தாண்டியதும் பாப்பாத்தி தலையைத் தூக்கிக் காறித் துப்பினாள். அவர்கள் மரங்களுக்குள் மறைந்த பிறகும் கண்ணாயி பட்டையைத் துப்பவில்லை. யாராவது திரும்பிவிடுவார்களோ என்ற பயத்தில் முந்தானையில் இருந்தது தீரும்வரை மென்றாள்.

இறங்கும் வழியிலேயே பலர் இறந்தார்கள். மாணிக்கம் மலையடிவாரத்தில் ஒரு புளியமரத்தடியில் பிள்ளையை இறக்கிவைத்துவிட்டுப் படுத்தான், எழவில்லை. கஞ்சித்தொட்டிக்குப் போய்ச் சேர்ந்தவர்களில் சிலர் அங்கே வாந்திபேதியில் போனார்கள். சிலரைக் கங்காணிகள் கண்டிக்குக் காப்பித் தோட்ட வேலைக்குக் கூட்டிப்போனார்கள். மறு வருஷம் மழை பெய்த பிறகு கல்லூத்து வளவுக்குத் திரும்பியவர்கள் போனவர்களில் பாதி இருக்கலாம். கருப்பண்ணன் வந்தார், அவர் மனைவி வரவில்லை. பாப்பாத்தியைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியவில்லை. மொரலு துரையைக் காய்ச்சல் மறுபடி பிடித்தபோது அவர் பெட்டியில் கொயினா இல்லை. கரிநாயன் கொடிகளுக்கு நடுவே அவரைப் புதைத்தார்கள். தோட்டம் பராமரிப்பாரில்லாமல் சுப்பண்ணன் பொறுப்பில் கிடந்தது.

திரும்பி வந்தவர்கள் கண்ணாயியோடு பேசவில்லை. அவள் எதிரே வந்தால் வழி மாறிப் போனார்கள். ஆனால் ஓடைக்கு இந்தப் பக்கம் வந்ததுமே அவள் சுவை அவர்கள் வாய்க்கு வந்துவிட்டது. அதை நிறுத்த யாராலும் முடியவில்லை, அவளாலும் முடியவில்லை. துரை காட்டியபடியே அவள் நாக்கு செத்திருந்தது. உப்பும் தெரியாது, உறைப்பும் தெரியாது. காதும் பாதி போய்விட்டது. தான் தின்பது ஊசிப்போனதா, உப்பிட்டதா என்று தெரியாமல் தின்றாள். அவளுக்குத் தெரியாதது ஊர் முழுவதற்கும் தெரிந்தது. ஒரு வாரம் ஊசிப்போன களியைப் பொறுத்துக்கொண்ட பிறகு, கருப்பண்ணன் ஒரு சிரட்டையில் உப்போடு அவள் வீட்டுக்குள் நுழைந்தார். அவள் முகத்தைப் பாராமல், சட்டியைத் திறந்து, ஒரு சிட்டிகை போட்டுக் கிளறினார். நின்று யோசித்து இன்னும் கொஞ்சம் போட்டார். அவள் ஒரு வாய் தின்றாள். அவர் தலையாட்டிவிட்டு வெளியே போனார். அடுத்த நாள் வேறு ஒருத்தி வந்தாள். முறை வைத்துக்கொண்டு வந்தார்கள். பேச்சு தொடங்க இன்னும் சில வருஷங்கள் ஆயின. முதலில் பேசியதும் புளியைப் பற்றித்தான்.

பாப்பாத்தியை அந்தப் புளியமரத்தடியிலிருந்து எடுத்துப்போய் வளர்த்தவள் சேந்தமங்கலத்துப் பக்கம் காடு கழனி உள்ள ஆத்தாயி என்ற பெண். பிள்ளையில்லாதவள். எட்டு வருஷம் கழித்து, பார்த்திப வருஷம் அவள் சாகும் தறுவாயில்தான், உன் ஊர் மேலே, கல்லூத்து என்று உன்னைத் தூக்கி வந்தபோது சொன்னாய் என்று பாப்பாத்தியிடம் சொன்னாள். அதுவரை மறந்துவிட்டிருந்த பாப்பாத்தி காரியம் முடிந்ததும் மலையேறினாள். வழியில் யாரிடமும் அம்மா இருக்கிறாளா என்று கேட்கவில்லை, கேட்கப் பயமாக இருந்தது. ஓடையில் கால் நனைத்து இந்தப் பக்கம் ஏறியதும் அவள் வாயில் கேழ்வரகுக் களியும் புளிச்சகீரையும் வந்தன. வழியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். களி தீரும்வரை உட்கார்ந்திருந்தாள். அம்மா மெதுவாகத்தான் தின்றாள். பிறகு எழுந்து, எந்த வீடு என்று கேட்டுக்கொண்டு போய், அடுப்படியில் இருந்தவளின் முன்னால் நின்று, "ஏம்மா, கீரைக்கு உப்பு பத்தலியே" என்றாள். கண்ணாயிக்குக் காதில் விழவில்லை. முகத்தைப் பார்த்தாள், கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்தாள். அன்று முழுக்க இருவரும் அழுதார்கள். அன்று முழுக்க வளவில் கண்ணீரின் உப்பு வந்துகொண்டிருந்ததால் யாரும் சமைத்ததைச் சாப்பிட முடியவில்லை. யாரும் குறை சொல்லவும் இல்லை.

அடுத்த வருஷம் புதுச்சேரியிலிருந்து அருணாசலம் என்ற ஒயின் வியாபாரி மலைக்கு வந்தார். துரை பாறைக் குகையில் அடுக்கி வைத்துவிட்டுப்போன புட்டிகளைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்திருந்தார். சுப்பண்ணனுக்கு முடி நரைத்திருந்தது. அவர் கண்ணாயியைக் கொட்டகைக்குக் கூப்பிட்டனுப்பினார். பாப்பாத்தி கூட வந்தாள், ஊரில் பாதி பின்னால் வந்தது. கண்ணாயி ஒவ்வொரு புட்டியிலிருந்தும் ஒரு வாய் குடித்தாள். பன்னீர் சர்பத்தாகிவிட்டது, குழந்தைகளுக்குக் கொடுக்கலாம் என்றாள் பாப்பாத்தி. பிக்குப்பிள்ளை காடியாகிவிட்டது. மூணுவேதத்தில் ரத்தம் போய்த் தோல் வாசம் வந்திருக்கிறது, இன்னும் கொஞ்ச காலம் கிடந்தால் நன்றாக வரும் என்று வாசலில் நின்றவர்கள் சொன்னார்கள். குடிப்பது ஒருத்தி, சொல்வது வேறு ஆட்களா என்று வியாபாரி கேட்டார். "அவுங்க குடிப்பாங்க, நாங்க சொல்லுவமுங்க" என்றார் கருப்பண்ணன். வியாபாரி பல ஊர் பார்த்தவர், மேலே கேட்கவில்லை.

கடைசியாகச் சுப்பண்ணன் திறந்தது தாது வருஷத்துக் கரிநாயன். அது எந்த வருஷத்துப் பழம் என்று அவர் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. கண்ணாயி குடித்ததும் வாசலில் இருந்த பேச்சு நின்றது. மழையில்லாத வருஷத்தில் மிளகளவு சிறுத்த பழம், இருந்த இனிப்பையெல்லாம் அந்தச் சிறு தோலுக்குள் இறுக்கிவைத்திருந்தது. முதலில் நாவல் வந்தது, பிறகு காட்டுத்தேன், பிறகு மிளகு, பிறகு பெயர் தெரியாத ஏதோ ஒன்று வந்து போகாமல் நின்றது. கீழே வளவில் உலக்கை பிடித்திருந்தவர்கள் உலக்கையை நிறுத்தினார்கள். பிள்ளையைப் புதைத்தவர்கள் அங்கே இருந்தார்கள். அந்தப் பழம் கொடியில் தொங்கியபோது சுவரில் சாய்ந்து தாடையை அசைத்தவர்கள் இருந்தார்கள்.

"எப்படி இருக்கிறது?" என்று வியாபாரி கேட்டார்.

பாப்பாத்தி வாசலைத் திரும்பிப் பார்த்தாள். பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். கருப்பண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு, "சொல்லு கண்ணு. இருக்கறதச் சொல்லு" என்றார்.

"எல்லாத்துலயும் இதுதானுங்க நல்லது" என்றாள் பாப்பாத்தி.

வியாபாரி எல்லாப் புட்டிகளையும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். என்ன சொன்னாய் என்று கண்ணாயி மகளின் தோளைத் தொட்டுக் கேட்டாள். பாப்பாத்தி குனிந்து, அவள் காதருகே வாயை வைத்து, சத்தமாகத் திருப்பிச் சொன்னாள். "அப்படியா?" என்றாள் கண்ணாயி. கோப்பையில் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதை வீணாக்காமல் குடித்தாள். வாசலில் நின்றவர்களும் கீழே வளவில் இருந்தவர்களும் அது நாக்கிலிருந்து முழுவதும் போகும்வரை பேசாமல் இருந்தார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக அவரவர் வேலைக்குப் போனார்கள்.